தெற்கு இத்தாலி: கடைசியாக வந்த சாலை

இத்தாலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரோம், வெனிஸ், பைசாவின் சாய்ந்த கோபுரம். எல்லாமே நாட்டின் நடுப்பகுதியும் வடக்கும்தான். இப்போது தெற்குப் பக்கமும் கூட்டம் போகிறது. அங்கே ஒரு வழக்கமான காட்சி உண்டு. ஒரு கணவனும் மனைவியும் நேப்பிள்ஸ் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். ஒரு சின்ன ஃபியட் பாண்டா காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தெற்கைச் சுற்றுகிறார்கள். குகை வீடுகளுக்குப் பேர்போன மத்தேரா நகரம் நேப்பிள்ஸிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

அந்த மூன்று மணி நேரம் சும்மா வந்துவிடவில்லை. அந்த நிலத்தில் யார், யாருக்காக, எப்போது சாலை போட்டார்கள் என்று பார்த்தாலே தெற்கு இத்தாலியின் வரலாற்றில் பாதி புரிந்துவிடும்.

ரோம் போட்ட சாலை

கி.மு. 312-ல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோமானிய அதிகாரி ரோமிலிருந்து கபுவா வரை ஒரு சாலை போடத் தொடங்கினார். அதுதான் அப்பியா சாலை. தெற்கே மலைவாழ் சாம்னைட் இனத்தாருடன் ரோம் அப்போது போரில் இருந்தது. படையை வேகமாக நகர்த்துவதற்கு வழி வேண்டும், அவ்வளவுதான் காரணம். பிறகு இடங்களைப் பிடிக்கப் பிடிக்கச் சாலையும் நீண்டது. பெனவெந்தோ, வெனோசா, தரந்தோ என்று போய்க் கடைசியில் கிழக்குக் கடற்கரையில் உள்ள பிரிண்டிசி துறைமுகத்தில் முடிந்தது. அங்கிருந்து கப்பல் ஏறினால் கிரேக்க நாடு.

சாலை யாருடையது என்பதைத் தெற்கின் அடிமைகள் கி.மு. 71-ல் தெரிந்துகொண்டார்கள். கபுவாவின் மல்லர் பள்ளியிலிருந்து தப்பித்து, ஸ்பார்டகஸ் நடத்திய கிளர்ச்சி அந்த ஆண்டு தோற்றது. பிடிபட்ட 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை இதே அப்பியா சாலை ஓரமாகச் சிலுவையில் அறைந்தார் தளபதி கிராசஸ். போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக! இன்று இந்தச் சாலை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அந்தத் தகுதி 2024-ல்தான் கிடைத்தது.

மலை மேல் ஏறிய ஊர்கள்

தெற்கில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கீழே நல்ல சமவெளி இருக்க, ஊர்கள் ஏன் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன?

ரோமப் பேரரசு சரிந்த பின் வடிகால்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடலோரச் சமவெளிகள் பல இடங்களில் சதுப்பு நிலமாயின. சதுப்பு என்றால் கொசு, கொசு என்றால் மலேரியா. கூடவே கடல் வழியாக வந்த கொள்ளைக்காரர்களின் பயம். மக்கள் மேலே ஏறிவிட்டார்கள். சலேர்னோவுக்குத் தெற்கே இருக்கும் பெஸ்தும் இதற்கு நல்ல உதாரணம். கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் கட்டிய நகரம் அது. மூன்று பெரிய கோயில்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் நடுக்காலத்தில் ஊர் காலியாகிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில்தான் வெளியுலகம் அதை மறுபடியும் கண்டுகொண்டது. இத்தாலியிலிருந்து மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1970-ல்!

மேலே ஏறியவர்களைத் தேடி நல்ல சாலை வரவில்லை. நேப்பிள்ஸ் ஒரு பெரிய ராஜ்ஜியத்தின் தலைநகரம். இத்தாலியின் முதல் ரயிலே 1839-ல் நேப்பிள்ஸிலிருந்து போர்த்திச்சி வரை ஓடியதுதான். ஆனால் அது தலைநகருக்குப் பக்கத்தில் ஓடிய ஏழு கிலோமீட்டர் ரயில். உள்நாட்டு மலைகளில் கழுதைப் பாதைதான்.

1861-ல் இத்தாலி ஒரே நாடானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே கிழக்குக் கடலோரமாகப் பிரிண்டிசி வரை ரயில் வந்தது. இந்தியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது. மறு ஆண்டிலிருந்து, லண்டனில் இந்தியாவுக்குப் போடும் கடிதங்கள் ரயிலில் பிரிண்டிசி வந்து, அங்கிருந்து கப்பலில் எகிப்து வழியாகப் பம்பாய் போயின. முதல் உலகப் போர் வரை இந்த 'இந்தியத் தபால்' ஓடியது. லண்டன் கடிதம் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி இந்தியா போக வழி இருந்தது. அந்த ரயில் பாதைக்கு உள்ளே கொஞ்ச தூரம் தள்ளியிருந்த மலைக் கிராமத்துக்கு ஒரு டாக்டர் போக வழி இல்லை.

எபோலியோடு நின்ற கிறிஸ்து

நேப்பிள்ஸிலிருந்து மத்தேரா போகும் தம்பதி, சலேர்னோ தாண்டியதும் 'எபோலி' என்ற பெயர்ப்பலகையைக் கடப்பார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கண்ணில் படாமலே கூடப் போகலாம். இத்தாலிய இலக்கியத்தில் அதைவிடப் புகழ்பெற்ற சாலைப் பலகை கிடையாது.

வடக்கே டூரின் நகரைச் சேர்ந்த கார்லோ லெவி ஓவியர், டாக்டருக்குப் படித்தவர். முசோலினியை எதிர்த்ததற்காக 1935-ல் அவரைத் தெற்கே லுகானியா மலைப்பகுதிக்கு நாடு கடத்துவது போல அனுப்பினார்கள். அலியானோ என்ற கிராமத்தில் அவர் கண்டதெல்லாம் வறுமையும் மலேரியாவும். அந்த அனுபவம் 1945-ல் புத்தகமாக வந்தது. தலைப்பு: 'கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்'. எபோலி வரைதான் உலகம், அதற்கு மேல் கடவுள்கூட வரவில்லை என்பது அந்த ஊர் மக்களே சொல்லிக்கொண்ட வார்த்தை. சாலையும் ரயிலும் கடலோரச் சமவெளியை விட்டு மலைக்குள் திரும்பும் இடம் எபோலி.

அதே புத்தகத்தில் மத்தேராவும் வருகிறது. பாறையைக் குடைந்த குகைகளில் குடும்பமும் ஆடும் கோழியும் கழுதையும் ஒன்றாக இருந்தன. தெருக் குழந்தைகள் லெவியின் சகோதரியிடம் காசு கேட்கவில்லை, கொயினா மருந்து கேட்டார்கள். புத்தகம் நாட்டை உலுக்கியது. பிரதமர் தெ காஸ்பெரி 1950-ல் நேரில் வந்து பார்த்தார். 1952-ல் தனிச் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைக் குகைகளிலிருந்து புதிய குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். 'தேசிய அவமானம்' என்று பெயர் வாங்கிய அதே குகைகள் 1993-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2019-ல் மத்தேரா ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமானது. இன்று தம்பதிகள் பணம் கொடுத்துத் தங்கும் குகை அறைகளில்தான் அன்று அந்தக் குடும்பங்கள் இருந்தன.

சாலை வந்தது, ஆட்கள் போனார்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி வேகமாக வளர்ந்தது. மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை 'சூரியச் சாலை' என்ற எக்ஸ்பிரஸ்வே 1956-ல் தொடங்கி 1964-ல் முடிந்தது. 750 கிலோமீட்டருக்கு மேல், எட்டே ஆண்டு! ஆனால் அதுவும் நேப்பிள்ஸோடு நின்றுவிட்டது. அதற்கும் தெற்கே சலேர்னோவிலிருந்து ரெஜ்ஜோ கலாப்ரியா வரையிலான சாலை 1962-ல் தொடங்கி 1974-ல்தான் முடிந்தது. மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த வழி. ஒரு பாலம் ஆற்றுக்கு மேல் சுமார் 260 மீட்டர் உயரத்தில் போகிறது.

போட்ட சாலையும் சீக்கிரமே போதாமல் போனது. 1997-ல் தொடங்கிய விரிவாக்க வேலை, முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது 2016 டிசம்பரில். நடுவில் கலாப்ரியாவின் மாஃபியா கும்பல்கள் ஒப்பந்தக்காரர்களிடம் மிரட்டிப் பணம் பறித்தது நீதிமன்ற வழக்குகளில் வெளிவந்தது. முடியாத வேலைக்கு இத்தாலியர்கள் அந்தச் சாலையை உதாரணம் சொல்லிச் சிரித்தார்கள். இதில் ஒரு நல்லது, அங்கே டோல் கிடையாது.

இந்த இடைவெளியில் மக்கள் காத்திருக்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் லட்சக்கணக்கான தெற்கத்தியர்கள் ரயில் ஏறி வடக்கே போனார்கள். பெரும் பகுதியினர் போன இடங்களில் ஒன்று டூரின், ஃபியட் தொழிற்சாலை. லெவியைத் தண்டனையாக டூரினிலிருந்து தெற்கே அனுப்பினார்கள். அவர் பார்த்த கிராமங்களின் பிள்ளைகள் பிழைப்புக்காக டூரினுக்குப் போனார்கள். 1957-ல் வந்த குட்டி ஃபியட் 500-ஐ இத்தாலியின் அடையாளமாக்கிய கைகளில் பல, தெற்கின் கைகள். ஆகஸ்ட் விடுமுறையில் அதே கார்களில் சாமான்களைக் கட்டிக்கொண்டு அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தார்கள். தெற்கின் சாலைகளை முதலில் நிரப்பிய சுற்றுலாக்காரர்கள், அந்த மண்ணின் சொந்தப் பிள்ளைகள்தான்.

லுகானியாவின் இன்றைய பெயர் பசிலிகாட்டா. 1951-ல் அதன் மக்கள்தொகை சுமார் 6 லட்சத்து 27 ஆயிரம். இப்போது 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் கீழே. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அவை வருவதற்குள் ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள். புறப்படும் பழக்கம் நிற்கவில்லை.

வாடகைக்குக் கிடைக்கும் அந்த ஃபியட் பாண்டாவைப் பற்றியும் ஒரு செய்தி. அதை இப்போது தயாரிப்பது நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பொமிலியானோ தொழிற்சாலையில். தெற்கத்தியர்கள் ஊரை விட்டுப் போகாமல் வேலை பார்க்கக் கிடைத்த இடங்களில் அது ஒன்று. அந்தக் காரில் மத்தேரா போகிறவர்கள் மூன்று மணி நேரத்தையும் தூங்கிக் கழிக்க வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே மலை உச்சியில் தெரியும் ஊர்கள் ஒவ்வொன்றும் பல நூற்றாண்டுகள் காத்திருந்தது இந்தச் சாலைக்காகத்தான்.