பெண்பிள்ளைகளின் மேடை: மலையகத்தில் அழகியற் கல்வி வந்த வழியும் அதைக் காக்கும் வழியும்

நூற்றாண்டு மலர் ஒன்றில் அதிபர்களின் வரிசையும் பெறுபேறுகளின் வரிசையும் இடம்பெறுவது வழமை. இரண்டும் வேண்டியவையே. ஆனால் எமது பாடசாலை எம்மில் பலருக்குத் தந்த ஒன்று எந்தப் பெறுபேற்று அட்டவணையிலும் ஏறவில்லை. நாலு பேர் முன்னால் நின்று பாடவும் ஆடவும் வரையவும் நடிக்கவும் கிடைத்த உரிமைதான் அது. மலையகத்துப் பெண்பிள்ளைக்கு அந்த உரிமை எப்போது, எப்படிக் கிடைத்தது என்பதை எழுதிவைக்க இதுவே பொருத்தமான வேளை. ஏனெனில் 2025இல் நாடு முழுவதும் அழகியற் பாடங்களின் எதிர்காலம் பற்றிய பெரும் விவாதம் எழுந்தது. அது இன்னும் முற்றாக அடங்கவில்லை.

இரயில் பாதை பதுளையை வந்தடைந்தது 1924இல். எமது பாடசாலை பிறந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். அதற்குச் சற்று முன்னர் வந்த 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற அளவிலேயே நின்றது. பத்து வயதுக்குப் பிறகு கொழுந்துக் கூடைதான். சங்கீதம், நடனம், சித்திரம் ஆகியவற்றைப் பாடமாகக் கற்பிக்கும் எண்ணமே அங்கு இருக்கவில்லை.

இதனால் தோட்டத்தில் கலை இருக்கவில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மாசி மாதத்தில் காமன் கூத்து, வேறு காலங்களில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று லயன்களுக்கு நடுவே இரவிரவாக ஆட்டம் நடந்தது. தப்பும் உருமியும் முழங்கின. ஆனால் அந்த ஆட்டக்களம் ஆண்களுடையது. காமன் கூத்தில் ரதியாக வேடம் கட்டி ஆடியவரும் வழக்கப்படி ஓர் ஆணே. பெண்ணின் பாட்டு வேறிடத்தில் இருந்தது. தொட்டிலருகே தாலாட்டாகவும் இழவு வீட்டில் ஒப்பாரியாகவும் மலையில் கொழுந்து எடுக்கும்போது வேலைப் பாட்டாகவும் அது ஒலித்தது. அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களில் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். அவர் தொகுத்திராவிட்டால் எம் பாட்டிமாரின் குரலில் பெரும்பகுதி அவர்களோடு போயிருக்கும். வீட்டுக்குள்ளும் மலையிலும் பாடிய பெண், ஊர் கூடும் இடத்தில் பாடவில்லை. அதுவே அன்றைய வழமை.

அந்த வழமையை முதலில் மீறியவர்களில் ஒருவர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார். 1930களில் தொழிலாளர் கூட்டங்களில் எழுந்து நின்று பாடியவர். தோட்ட மக்களின் துயரையும் உரிமையையும் பாட்டாகச் சொன்னவர். அவருடைய பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. ஆயினும் அவர் அரசியல் மேடைக்கு வந்த ஒரு பெண். லயத்தில் பிறந்த சாதாரணப் பெண்பிள்ளைக்கு மேடை கிடைக்க, பாடசாலைதான் வழி திறக்க வேண்டியிருந்தது.

அந்த வழி மெதுவாகவே திறந்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதன் பயனுக்கு வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. யார் இருப்பார், யார் கப்பலேறுவார் என்று தெரியாத காலத்தில் பாட்டு வகுப்பைப் பற்றி யார் கேட்பார்கள்?

அதே காலத்தில் தமிழ்ப் பகுதிகளில் இசைக் கல்விக்கு அமைப்புகள் உருவாகிக்கொண்டிருந்தன. வட இலங்கை சங்கீத சபை 1931இல் தொடங்கித் தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்தியது. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960இல் தோன்றி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரிலான இசை நடனக் கல்லூரி 1982இல் உருவானது. மலையகத்தில் இவற்றுக்கு ஈடான நிறுவனம் எழவில்லை. எனவே சங்கீத ஆசிரியரோ நடன ஆசிரியரோ வேண்டுமென்றால் பதுளை வடக்கையும் கிழக்கையும் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. பாதை மூடினாலும், கலவரம் வந்தாலும், இடமாற்றம் கிடைத்தாலும் வகுப்பு நின்றுபோகும் நிலை அப்படித்தான் தொடங்கியது. 1983 ஜூலையில் பதுளை நகரிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதன் பின்னர் வெளியூர் ஆசிரியர் ஒருவர் இங்கு வந்து தங்குவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் 1972இன் கல்விச் சீர்திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. இடைநிலை வகுப்புகளுக்கான பொதுக் கலைத்திட்டத்தில் கணிதம், விஞ்ஞானத்தோடு அழகியலும் எல்லோருக்குமான பாடமாக வைக்கப்பட்டது. அச்சீர்திருத்தத்தின் பல அம்சங்கள் 1977இன் ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டன. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அழகியற் பாடத்தையாவது படிக்க வேண்டும் என்ற எண்ணம் கீழ் இடைநிலை வகுப்புகளில் நிலைத்துவிட்டது. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. தாளில் எழுதிய உரிமை லயத்துப் பிள்ளைக்கும் உரியதாயிற்று.

எமது தலைமுறை அந்த உரிமையின் கனியை உண்டது. தரம் 6 முதல் கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம் இவற்றில் ஒன்றை எடுத்தோம். தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் குழு இசை, நாட்டார் பாடல், வில்லுப்பாட்டு, நாட்டிய நாடகம் என்று பாடசாலையே வேறு முகம் கொள்ளும். பாடசாலை மட்டத்தில் வென்று, வலயம் கடந்து, மாகாணத்துக்குப் போவது பெரிய பயணம். பொழுதுசாய்ந்தால் வாசலைத் தாண்டக் கூடாத பிள்ளைகள், ஒத்திகை என்றால் மாலை வரை பாடசாலையில் நின்றார்கள். ஆரம்பத்தில் முகம் சுளித்த அப்பாமார், மகள் மேடையில் நிற்பதைக் கண்ட பிறகு மறுவருடம் தாங்களே சலங்கை வாங்கக் காசு சேர்த்தார்கள். எம்மில் ஆசிரியரானவர்கள், மருத்துவரானவர்கள், தொழிற்சங்கத்தில் பேசுகிறவர்கள், கடல் கடந்து வாழ்கிறவர்கள் பலர் முதன்முதலில் குரல் நடுங்காமல் நிற்கப் பழகியது அங்கேதான்.

ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடசாலை எமக்குத் தந்தது சபையில் பாடும் சங்கீதமும் பரதமும். லயத்துத் தப்புக்கும் ஒப்பாரிக்கும் அங்கே நெடுங்காலம் இடமிருக்கவில்லை. சாதியின் பெயரால் தப்பைத் தாழ்வாகப் பார்த்த பார்வை பாடசாலை வாசலோடு நின்றுவிடவில்லை. அழகியற் கல்வியைக் காப்பது பற்றிப் பேசும்போது எந்த அழகியல் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2026 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரத் திட்டமிட்ட கல்விச் சீர்திருத்தம் 2025இல் பேசுபொருளானது. சாதாரண தரப் பாடங்களின் எண்ணிக்கை 9இலிருந்து 7ஆகக் குறையும் என்றும், வரலாறும் அழகியலும் விரும்பியவர் மட்டும் எடுக்கும் பாடங்களாகச் சுருங்கும் என்றும் பேச்சு எழுந்தது. ஆசிரியர்களும் கலைஞர்களும் பெற்றோரும் கேள்வி கேட்டார்கள். பாராளுமன்றத்திலும் விவாதம் நடந்தது. வரலாறும் அழகியலும் நீக்கப்படமாட்டா என்று பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய விளக்கமளித்தார். கேட்டதனால்தான் அந்த விளக்கம் கிடைத்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் ஊவாவின் அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது. இங்கே அழகியற் பாடம் சுற்றறிக்கையால் நீக்கப்பட்டதே இல்லை. ஆசிரியர் வெற்றிடத்தால்தான் அது நீங்கியது. சங்கீத ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போவார். பதிலுக்கு எவரும் வரமாட்டார். அந்தப் பாடவேளை முதலில் மேற்பார்வைப் பாடவேளையாகும். பிறகு கணிதத்துக்குப் போய்விடும். சாதாரண தரத்தில் அழகியல் தொகுதியில் தமிழ் இலக்கிய நயமும் இருப்பதால், பல இடங்களில் பிள்ளைகள் எல்லோரும் அதற்கே அனுப்பப்படுவார்கள். அதைத் தமிழ் ஆசிரியரே கற்பித்துவிடலாம் அல்லவா? இலக்கியம் படிப்பது நல்லதே. ஆனால் விரும்பி எடுப்பது வேறு, வேறு வழியின்றி எடுப்பது வேறு. சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் செயன்முறைப் பரீட்சை உண்டு. ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அதற்கு ஆயத்தமாவது எங்ஙனம்? நகரத்துப் பிள்ளை தனியார் வகுப்புக்குப் போகும். லுணுகலைக்கு அப்பால் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பின்னேர பஸ் தவறினால் வீடு போய்ச் சேரவே வழியில்லை. ஆகவே பாடம் இருக்கிறது என்ற உறுதிமொழியை ஏற்கும்போதே, ஆசிரியர் இருக்கிறாரா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பதே எமது பகுதியின் பாடம்.

பிற நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. பிரித்தானியாவில் பிள்ளை வளர்க்கும் எம் தோழியர் இதை அறிவார்கள். இங்கிலாந்தில் 2010இல் பாடசாலைகளை மதிப்பிட ஒரு பாடத் தொகுதி கொண்டுவரப்பட்டது. அதில் கலைப் பாடம் ஒன்றுகூட இருக்கவில்லை. எவரும் இசையைத் தடைசெய்யவில்லை. ஆனால் மதிப்பெண் அங்கு இல்லாதபோது பாடசாலைகளின் கவனமும் நேரமும் மற்றப் பக்கம் சாய்ந்தன. ஆண்டுக்கணக்காக நடந்த எதிர்ப்பின் பின்னர், அந்த அளவுகோலைக் கைவிடப்போவதாக 2025 நவம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஸ்கொட்லாந்திலோ உள்ளூராட்சி சபைகள் பல, பாடசாலையில் வாத்தியம் பழகக் கட்டணம் அறவிடத் தொடங்கின. வசதியற்ற பிள்ளைகள் விலகினார்கள். பெற்றோரும் மாணவரும் இசை ஆசிரியரும் மனுக் கொடுத்தார்கள், பாராளுமன்றக் குழு விசாரித்தது, 2021இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. கோரிக்கை தெளிவாகவும் ஒன்றாகவும் இருந்ததே அதன் பலம்.

எமது கோரிக்கையும் அப்படித் தெளிவாக இருக்கட்டும். முதலாவது, அழகியல் ஆசிரியர் வெற்றிடம் மற்றப் பாட வெற்றிடங்களைப் போலவே கணக்கெடுக்கப்பட்டு, தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்குத் தனியாக நிரப்பப்பட வேண்டும். இரண்டாவது, நேரசூசியில் உள்ள அழகியல் பாடவேளை பரீட்சைக் காலத்திலும் பறிக்கப்படக் கூடாது. மூன்றாவது, மலையகத்தின் கூத்தும் தப்பும் பெண்களின் பாட்டும் எமது பாடசாலைகளில் கற்கத்தக்க கலைகளாக மதிக்கப்பட வேண்டும். ஒரு பயிற்றுநர் வரமுடியாத இடத்தில், அந்தத் தோட்டத்து மூத்த கலைஞர் ஒருவரை அழைத்துவர முடியும்.

இதற்குப் பழைய மாணவியர் செய்யக்கூடியது அன்பளிப்பு மட்டுமல்ல. வீணையும் மிருதங்கமும் வாங்கிக்கொடுப்பது நல்ல காரியம். ஆனால் ஆசிரியர் இல்லாவிட்டால் அவை அலுமாரிக்குள் உறங்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்குக் கையிலுள்ள கருவி. பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடை வலயங்களின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் எத்தனை சங்கீத, நடன, சித்திர ஆசிரியர்கள் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இலங்கைப் பிரசை எவரும் எழுத்தில் கேட்கலாம். மாகாணப் பாடசாலை என்றால் ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும், தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சிடமும் கேட்க வேண்டும். அந்த எண்கள் கைக்கு வந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் வெறுங்கையோடு பேச வேண்டியதில்லை. தூர தேசத்தில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் ஒரு தோழியோடு சேர்ந்து அந்தக் கடிதத்தை எழுதலாம்.

எம் பாட்டிமாருக்குக் கிடைக்காத மேடை எமக்குக் கிடைத்தது. அதற்காக வாதாடிய அதிபர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் இருந்தார்கள். பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. நூற்றாண்டு விழாவின் ஆரவாரம் ஓய்ந்த பிறகு, அடுத்த தவணை தொடங்கும் முன்னரே அந்த முதற் கடிதம் பதுளையிலிருந்து போகட்டும்.