பச்சை குத்துவது வெள்ளைக்காரன் பழக்கமா?



கையில் பச்சை குத்திய இளைஞர் ஒருவரைக் கண்டால் "வெள்ளைக்காரனைப் பார்த்துப் பழகினது" என்று சொல்லிவிடுகிறோம். மார்க்கத் தீர்ப்பு எமக்குத் தெரியும், அதில் பேச்சில்லை. ஆனால் வரலாறு வேறு.

1991இல் ஒஸ்திரிய-இத்தாலிய எல்லையில், அல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் இறந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகள். 'ஒட்சி' என்று பெயர் வைத்தார்கள். தோலில் 61 அடையாளங்கள். பூவுமில்லை, மிருகமுமில்லை; கரித்தூளால் இட்ட சிறு கோடுகளும் குறுக்குக் கோடுகளும்தான். அவற்றில் பல இடுப்பு, முழங்கால், கணுக்கால் பக்கங்களில் இருக்கின்றன. அவனது மூட்டுகளோ தேய்ந்திருந்தன. எனவே இது நோவுக்குச் செய்த வைத்தியம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எமக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தன் கண்ணுக்கே தெரியாத முதுகுப் பக்கத்தில் யார் அலங்காரம் செய்வார்?

ஏறக்குறைய அதே காலத்து இன்னொரு சான்று எகிப்திலிருந்து வந்தது. ஜெபலைன் என்ற இடத்து மணலில் காய்ந்து, கெடாமல் கிடந்த ஓர் இளைஞனின் உடல், நூறு ஆண்டுக்கு மேலாகப் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. எத்தனையோ பேர் பார்த்துப் போனார்கள். மேற்கையில் இருந்த கறுப்பு மங்கலை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. செங்கீழ்க் கதிர்க் கமராவால் படம் பிடித்தபோதுதான் ஒரு காட்டெருதும், கொம்புள்ள காட்டு ஆடும் தெரிந்தன. 2018இல் அந்த ஆய்வு வெளியாகும்வரை, பண்டைய எகிப்தில் பெண்கள் மட்டுமே பச்சை குத்தினார்கள் என்றே நம்பியிருந்தார்கள்.

அரபுகளிடம் இதற்கு 'வஷ்ம்' என்று பெயர். ஊசியால் குத்தி, அந்தக் காயத்தில் கரியோ மையோ தேய்ப்பார்கள். (மருதோன்றியை இதோடு முடிச்சுப் போட வேண்டாம், அது மேல்தோலோடு உதிர்ந்துவிடும்.) இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிஞர்கள், கைவிட்டுப்போன கூடாரத்தின் சுவடுகளுக்குக் கையிலுள்ள பச்சையை உவமை சொல்லுமளவுக்கு அது சாதாரணமாக இருந்தது. குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக புஹாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் அந்தச் சமூகத்தில் சொல்லப்பட்டது.

ஐரோப்பாவின் கிரேக்கரும் ரோமரும் இதை அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்குமான தண்டனையாக வைத்திருந்தார்கள். தப்பியோடிய அடிமையின் நெற்றியில் குத்துவார்கள். இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் 'டாட்டூ' என்ற சொல், 1769இல் கப்டன் குக்கின் கப்பல் பசிபிக் கடலின் தஹிட்டித் தீவுக்குப் போனபோது, அங்கத்தைய மக்கள் பேசிய 'டடாவ்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.