மலைக்கோட்டையின் நிழலில் எளிமை

எளிய வாழ்வும் மனத்தாழ்மையும் ஒரு நாட்டிற்கோ ஒரு சமயத்திற்கோ மட்டும் உரியவை அல்ல. நம் பழைய நூல்கள் சாவகம் என்றழைத்த யாவாத் தீவில், யோக்யகர்த்தா சுல்தானின் மகனாக 1892இல் பிறந்த சூர்யமந்தராம் அரண்மனை வாழ்வைத் துறந்து உழவராக வாழ்ந்தார். ஆசை நிறைவேறினால் விரியும், நிறைவேறாவிடில் சுருங்கும்; ஆகையால் பெறுவதிலும் இழப்பதிலும் நிலையான இன்பதுன்பம் இல்லை என்று 1962இல் மறையுமட்டும் போதித்தார். இவ்வுண்மையைத் திருவரங்கமும் திருச்சிராப்பள்ளியும் தம் வரலாற்றில் கண்டுள்ளன. அவ்வரலாறு திருப்பணியாளராகிய நம்மிடம் எழுப்பும் வினா ஒன்றுண்டு.

திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு மாலை தொடுத்த விப்ரநாராயணர், அடியார்களின் பாததூளி எனப் பொருள்படும் தொண்டரடிப்பொடி என்ற பெயரையே தமக்குரியதாகக் கொண்டார். காவிரியின் தென்கரையில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தாயுமானவர் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் (1706–1732) அரசில் கணக்குப் பொறுப்பு வகித்தார். மலைக்கோட்டையில் மௌனகுருவின் அருளைப் பெற்ற அவர், பின்னர்ப் பதவியையும் நகரையும் விட்டகன்று, இறுதியில் இராமநாதபுரத்தில் மறைந்தார். சும்மா இருத்தல் என்னும் அக அமைதியே அவர் கண்ட பேரின்பம்.

அவர் விட்டுச் சென்ற அந்நகருக்கு 1762இல் ஊழியஞ்செய்ய வந்தவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798). போர்களால் களைத்த நகரம் அது; பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1752இல், திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படையொன்று ஆங்கிலேயரிடம் சரணடைந்திருந்தது. தரங்கம்பாடியிலிருந்து வந்த ஐயருக்குத் தொடக்கத்தில் கிடைத்த வருமானம் மாதம் பத்து வராகன். பழைய கட்டடமொன்றில் அவருக்குக் கிடைத்த அறை, ஒரு கட்டிலுக்கும் அவருக்கும் மட்டுமே இடங்கொடுத்தது. நிமிர்ந்து நிற்பதும் அங்கே அரிது. நம் மக்கள் சமைக்கும் முறையில் ஆக்கிய சோறும் காய்கறியும் அவர் உணவு. கறுப்புச் சாயமேற்றிய முரட்டுப் பருத்தித்துணி ஓராண்டிற்கு அவர் உடை. அவரை நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் இவற்றைக் குறித்துவைத்து, அவ்வெளிய உணவுக்கு அவர் எப்போதும் மகிழ்ச்சியுடனேயே அமர்ந்தார் என்றும் எழுதினார். இம்மகிழ்ச்சியே நாம் கவனிக்க வேண்டியது. முகவாட்டத்தோடு சுமக்கும் வறுமை எளிமையாகாது. பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் பவுல் அடிகள், தாழ்விலும் நிறைவிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டதாகக் கூறுவதும் இதுவே.

1766இல் தெப்பக்குளத்தருகே கிறிஸ்து ஆலயம் எழுந்தது. படைக் குருவாக அரசு பின்னர் அளித்த சம்பளத்தில் பெரும்பகுதியை ஐயர் சபைக்கும் பள்ளிக்கும் செலவிட்டார்.

இவ்வெளிமையின் பயன் பின்னாளில் வெளிப்பட்டது. 1778இல் தஞ்சைக்குச் சென்ற ஐயரை, மறு ஆண்டு சென்னை ஆளுநர் ஐதர் அலியிடம் தூதனுப்பினார். வழிச்செலவுக்கென ஐதர் அளித்த முந்நூறு ரூபாயை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஆக்கினார். 1780இல் போர் மூண்டது. பஞ்சம் சூழ்ந்த தஞ்சைக் கோட்டைக்குத் தானியம் கொண்டுவர உழவர் மறுத்தனர்; அரசரின் சொல்லிலும் கும்பினியாரின் சொல்லிலும் அவர்களுக்கு நம்பிக்கையில்லை. விலைக்கு ஐயர் பொறுப்பேற்றதும் ஆயிரம் மாடுகள் கிடைத்தன. எண்பதாயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. தமக்கென ஒன்றும் சேர்க்காதவரின் சொல், அரச முத்திரைக்கில்லாத மதிப்பைப் பெற்றது.

தாயுமானவரின் துறவு அவரை நகரத்தின் ஆரவாரத்திலிருந்து விடுவித்தது. சுவார்ட்ஸ் ஐயரின் எளிமை அவரை நகரத்தின் துயரத்திற்குள் கொண்டு சென்றது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி ஒன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. உள்ளத்தில் அமைதி பெறாதவன் பிறர் துயரத்தினுள் நெடுநாள் நிற்க இயலான் என்பதைத் தாயுமானவரிடமும் நாம் கற்கலாம்.

எனினும் ஐயரின் எளிமைக்கும் எல்லையுண்டு. அவர் கும்பினியாரின் படைக்குருவாகவும் தூதராகவும் இருந்தார். அத்தூது போரைத் தடுக்கவில்லை. அவர் காலத்துச் சபைகளில் சாதி வேற்றுமையும் நீடித்தது. ஊழியர் தரையில் அமர்ந்தாலும், சபையில் ஒருசாரார் தனியே ஒதுக்கப்பட்டிருப்பின், தாழ்மை இன்னும் நிறைவுபெறவில்லை. தம்மை வெறுமையாக்கிய ஆண்டவரின் தாழ்மை, தாழ்த்தப்பட்டோரை உயர்த்துவதில் முடிந்தது.

இன்று நம் திருச்சபைகளுக்கு நிலமும் கட்டடமும் நிறுவனங்களும் உண்டு. அவற்றின் பொருட்டு வழக்குகளும் தேர்தல் பூசல்களும் உண்டு. நம் சொல்லை நம்பி ஓர் உழவர் தம் தானியத்தைக் கொண்டுவந்து தருவாரா? நம் வினா இதுவே. இறையியல் மாணவர் பட்டம் பெறுமுன்னும், மேய்ப்பர் இடமாற்றத்திற்கு விண்ணப்பிக்குமுன்னும், இவ்வினாவைத் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாக.