ஒற்றைக் கொம்பன் பிழைத்த கதை

தமிழ்நாட்டிலிருந்து யார் கவுகாத்திக்கு வந்தாலும் முதல் நாள் காமாக்யா கோவில், இரண்டாம் நாள் காசிரங்கா. இங்கே மாற்றலாகி வரும் நம் ஆட்களும் அப்படித்தான். காண்டாமிருகம் புலி மாதிரி காக்க வைக்காது. ஜீப்பில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். குழந்தைகள் எண்ண ஆரம்பித்து, பத்துக்கு மேல் அலுத்துப்போய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிடுவார்கள்!

நூறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் இது நிஜமாகவே குதிரைக் கொம்பு. ஒரு காலத்தில் சிந்து நதிக்கரை வரை இருந்த மிருகம் இது. பாபர் அந்தப் பக்கம் இதை வேட்டையாடியதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிறகு புல்வெளிகள் வயலாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறின. மிச்சத்தைத் துப்பாக்கி பார்த்துக்கொண்டது. கூச் பெஹார் மகாராஜா 1871 முதல் 1907 வரை சுட்டவை மட்டும் 207. இது எதிரிகள் சொன்ன கணக்கில்லை, அவரே பெருமையாகப் புத்தகம் போட்டுச் சொன்னது.

வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி 1904-ல் காசிரங்கா வந்து, குளம்படிகளை மட்டுமே பார்த்துத் திரும்பினார், அவர் கணவரிடம் சொல்லித்தான் காடு பிழைத்தது என்பார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆவணப்படி, 1905-ல் காப்புக்காட்டுக்கான முதல் அறிவிப்பு, 1908-ல் காப்புக்காடு, 1938-ல் பார்வையாளர்களுக்கு அனுமதி, 1974-ல் தேசியப் பூங்கா. 1966 கணக்கெடுப்பில் 366 இருந்தன. 2022-ல் 2,613.

இந்த வளர்ச்சியைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். வங்கிக்காரன் புத்தி எனக்கு வேறு இடத்தில் உறுத்துகிறது. உலகத்தில் இந்த இனம் மொத்தமே சுமார் 4,000. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரே பூங்காவில்! மொத்த சேமிப்பையும் ஒரே கணக்கில் போட்டு வைப்பார்களா? ஒரு தொற்றுநோய், ஒரு பெரிய வெள்ளம், கொஞ்ச வருஷம் துப்பாக்கிக் கலாசாரம்... போதும்.

பயமுறுத்தவில்லை, பக்கத்திலேயே நடந்தது. மானஸ் பூங்காவில் 1990-களின் கலவரத்தில் காண்டாமிருகங்கள் ஒன்று விடாமல் போயின. 2008-லிருந்து வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றிலும் சில வேட்டைக்குப் பலியாயின. ஆனாலும் விடவில்லை, 2022-ல் 40 இருந்தன. முதலில் கொடுத்தது எது தெரியுமா? கவுகாத்திக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பொபிதோரா. காசிரங்கா போக நேரமில்லாதவர்கள் அங்கே போகலாம். அத்தனை சிறிய இடத்தில் நூறுக்கு மேல் இருக்கின்றன. ஜாவா காண்டாமிருகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வியட்நாமின் கடைசி ஒன்று 2010-ல் கொல்லப்பட்டபின், இந்தோனேசியாவின் உஜுங் குலோன் ஒன்றுதான் அதற்கு வீடு.

அசாமில் 2013-ல் மட்டும் 27 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. அந்தக் கொம்பு நம் நகம் மாதிரி வெறும் கெரட்டின். 2021 செப்டம்பர் 22 அன்று, அரசுக் கருவூலங்களில் பூட்டி வைத்திருந்த 2,479 கொம்புகளை பொகாகாட்டில் அடுக்கி எரித்தார்கள். பெட்டகத்தில் இருப்பதைக் கொளுத்துவது எங்கள் தொழில் தர்மத்துக்கே விரோதம்தான். ஆனால் இது சரியான ரைட்-ஆஃப். விற்கவே முடியாத, விற்கக்கூடாத சரக்கைப் புத்தகத்தில் எதற்கு வைத்திருக்க வேண்டும்? 2022-ல் அசாமில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டைக்குப் பலியாகவில்லை. இது எரித்ததாலா, காவல் கூடியதாலா என்றால் நான் காவல் பக்கம்தான் பேசுவேன்.

விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒன்று. மழைக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும். பிரம்மபுத்திரா உள்ளே வந்துவிடும். அந்த வெள்ளம் வந்தால்தான் புல்வெளி புதுசாகும், வந்தால் மிருகங்களும் சாகும். தப்பித்தவை நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி மலைப்பக்கம் ஏறும். ஜூலை, ஆகஸ்டில் ஜோர்ஹாட் பக்கம் காரில் போகிறீர்களா? அந்தப் பகுதியில் 40-ஐத் தாண்டாதீர்கள். டிரைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.