பாலை வெயிலில் இன்சுலின்: தவறிய ஊசிகளின் வரலாறு

எம்மிற் பலருக்கு வளைகுடா நாடுகள் வெறும் வரைபடப் பெயர்கள் அல்ல. தந்தையோ, தமையனோ, தமக்கையோ அங்கு உழைத்து அனுப்பிய பணத்தில் உலை வைத்த வீடுகள் எமது வீடுகள். அவ்வாறு உழைத்தவர்களிற் சிலர் இன்று நீரிழிவு நோயாளர். ஊரிலே நாம் "சீனி வருத்தம்" என்று சொல்வது. தொலைபேசியிற் கேட்டால், "ஊசி ஒழுங்காகப் போடுகிறேன்" என்பார்கள். அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. தவறவிடுபவரைக் கவலையீனர் என்று கடிந்துகொள்வதற்கு முன், அந்த மருந்து கடந்துவந்த வழியை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பிரெட்றிக் பன்ரிங்கும் சாள்ஸ் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லெனார்ட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலில் ஏற்றப்பட்டது. தூய்மை போதாத அம்மருந்து பெரும் பயன் தரவில்லை. ஜேம்ஸ் கொலிப் தூய்மைப்படுத்திய மருந்து இரு வாரங்களுள் ஏற்றப்பட, சிறுவன் தேறினான். 1923இல் கண்டுபிடித்தோர் அதன் காப்புரிமையை ஆளுக்கு 1 டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டனர். உயிர்காக்கும் மருந்து தனியொருவரின் உடைமையாகக்கூடாது என்பதே அவர்தம் எண்ணம். 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இன்சுலின் இடம்பெற்றது.

இதற்கிடையில் வளைகுடாவின் முகம் மாறியது. 1932இல் பஹ்ரெயினிலும், 1938இல் குவைத்திலும் சவூதி அரேபியாவிலும், 1958இல் அபுதாபியிலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. முத்துக்குளித்தும் ஒட்டகம் மேய்த்தும் வாழ்ந்த சமூகங்களின் உணவும் உழைப்பும் ஒரு தலைமுறைக்குள் மாறின, நீரிழிவும் பெருகியது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, குவைத்தில் வளர்ந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அரசுகள் பெரிய வைத்தியசாலைகளை எழுப்பின. தம் குடிமக்களுக்குப் பெரும்பாலும் இலவச வைத்தியம் வழங்கின.

ஆனால் அந்நாடுகளைக் கட்டியெழுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளர் நிலை வேறு. குவைத் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவர்களுக்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அபுதாபி 2005இலும் டுபாய் 2013இலும் அவ்வாறே சட்டம் இயற்றின. ஐக்கிய அரபு இராச்சியத்தின் ஏனைய பகுதிகளின் தனியார்துறைத் தொழிலாளருக்கு அது 2025இல்தான் வந்தது. டுபாயின் அடிப்படைக் காப்புறுதியில் மருந்துச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. விலையில் ஒரு பங்கைத் தொழிலாளியே கொடுக்கவேண்டும். குவைத்தில் 2022 டிசம்பரில் வெளிநாட்டவரின் மருந்துகளுக்கு மேலதிகக் கட்டணம் விதிக்கப்பட்டது. வேலை போனால் விசா போகும். விசா போனால் காப்புறுதி போகும். அதனுடன் ஊசியும் போகும். 1 டொலருக்கு விடுவிக்கப்பட்ட மருந்து இவ்வாறு வேலை ஒப்பந்தத்தோடு கட்டுண்டது.

அச்சமும் ஒரு காரணம். வளைகுடாவுக்குச் செல்வோருக்கான வைத்தியப் பரிசோதனையில், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு தகுதியின்மைக்குரிய நோய்களுள் ஒன்று. ஆகவே நோயை மறைப்போர் உளர். மறைப்பவர் பலர் உறங்கும் அறையிலே ஊசியை எப்படி வெளியில் எடுப்பார்? உணவு நேரம் நிலையில்லாத கடும் உழைப்பில், சீனி திடீரென இறங்கி மயங்கிவிழுவோம் என்ற பயத்தில் அளவைக் குறைப்போரும் உளர். நோன்புக் காலத்தில் இவ்வாபத்து மிகும். சவூதி அரேபியா உட்பட 13 நாடுகளில் 2001இல் நடந்த ஆய்வில், ரமழானில் கடுமையான சீனி இறக்கம் முதலாம் வகை நோயாளரிடையே 4.7 மடங்காகவும் இரண்டாம் வகையினரிடையே 7.5 மடங்காகவும் உயர்ந்திருந்தது. நோயாளருக்கு நோன்பில் விலக்கு மார்க்கத்திலேயே உண்டு. எனினும் நோற்க விரும்புவோர், ஊசியைத் தாமாக நிறுத்தாமல், முன்கூட்டியே வைத்தியரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

இறுதியாக வெயில். திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்தல் வேண்டும். கோடையில் வெளியே 45 பாகையைத் தாண்டும் நாடுகளில், பொதுக் குளிர்சாதனப்பெட்டி ஒன்றை நம்பியிருப்போரின் நிலை எத்தகையது? 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தினுள் நுழைந்தபின், தெற்காசியத் தொழிலாளர் பல்லாயிரவர் யோர்தான் எல்லைப் பாலையிற் கூடாரங்களில் காத்திருந்தனர். அத்தகைய இடத்தில் மருந்தைக் காப்பது எத்துணை அரிது என்பதை ஏதிலிகளாகிய எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. கென்யாவின் டடாப் அகதி முகாமின் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு, எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குன்றாதிருந்தது என்று அது காட்டியது. நேர்வெயிலும் பூட்டிய வாகனமும் இவ்வளவைக் கடந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

முதலாம் வகை நோயாளர் இன்சுலினை முற்றாக விட்டால் சில நாள்களிலேயே உயிராபத்து நேரலாம். ஏனையோருக்குக் கண்ணும் சிறுநீரகமும் காலும் மெல்ல மெல்லப் பழுதடையும். ஆகவே, அடுத்த முறை தொலைபேசியில் உறவினரோடு பேசும்போது, "ஊசி போட்டாயா?" என்று மட்டும் கேளாதிருப்போம். மருந்து கையில் உண்டா, அதை வைக்கக் குளிரிடம் உண்டா, காப்புறுதி எந்நாள் முடிகிறது, எவருக்கேனும் அஞ்சி மறைக்கிறாயா என்றும் கேட்போம். அவர் அனுப்பிய பணத்தில் வாழ்ந்த நாம், அவருக்கு ஒரு மாத மருந்தின் விலையைத் திருப்பி அனுப்புவது கடனேயன்றிக் கொடையன்று.