துவிச்சக்கரவண்டியும் தச்சுத் தொழிலும்

துவிச்சக்கரவண்டி இரும்புப் பட்டறையிற் பிறந்தது என்பர் பலர். வரலாறு அதனை மறுக்கின்றது. 1817 ஆம் ஆண்டு ஜெர்மனியிற் கார்ல் வொன் திரைஸ் ஓட்டிக்காட்டிய மிதியில்லா வண்டியின் சட்டமும் சில்லுகளும் மரத்தாலாயவை. 1860களிற் பிரான்சில் எழுந்த மிதிவண்டியும் இரும்புப் பட்டையிட்ட மரச்சில்லுகளிலேயே ஓடிற்று.

அச்சில்லு நம் மாட்டுவண்டிச் சில்லின் இனமேயாம். குடம், ஆரக்கால், வட்டை என்னும் அதன் உறுப்புக்களை நம் தச்சர் நன்கறிவர். மரச்சில்லிற் பாரம் கீழுள்ள ஆரக்கால்களின்மேல் அழுந்தும். கம்பிச்சில்லிலோ இறுக்கி இழுத்த மெல்லிய கம்பிகளின் விசையே பாரத்தைத் தாங்கும். இம்மாற்றமே மரத்தைப் படிப்படியாக விலக்கிற்று. எனினும், 1888 இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற பின்னரும் பந்தய வண்டிகளில் மரவட்டை நெடுங்காலம் நிலவிற்று.

மரம் விலகினும் தச்சன் விலகினானல்லன். 1990 இல் மூண்ட போரும் பொருளாதாரத் தடையும் எரிபொருளை அரிதாக்கியபோது, யாழ்ப்பாணக் குடாநாடு துவிச்சக்கரவண்டியையே பெரிதும் நம்பிற்று. அதன் டைனமோ வானொலிக்கு மின்னூட்டிற்று. தாங்கியிற் பொருத்திய மரப்பலகையும் பெட்டியும் விறகையும் மரக்கறியையும் சந்தை சேர்த்தன.

மன்னர் வரலாற்றைப் போற்றும் நாம் இக்கைவினைஞர் வரலாற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். முதிய தச்சர் நம்மிடையே வாழுங் காலத்திலேயே அவர்பாற் கேட்டுப் பதிவுசெய்தல் மாணவர் கடனாம்.