கிண்ணத்தில் வளராத உயிர்கள்

மனித வரலாற்றிற் பெயர் பதிவு பெற்றோர் சிலர். உழைத்தும் பெயரின்றி மறைந்தோர் பலர். அறிவியல் வரலாறும் இதற்கு விலக்கன்று. நீர்நிலைகளில் நைத்திரேற்றாக்கஞ் செய்யும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தோர் கண்ட அனுபவம் இதனை நன்கு விளக்கும்.

கழிவுகளிலிருந்து பிறக்கும் அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. இம்மாற்றம் நிகழாவிடின் அமோனியா மிகுந்து மீன்கள் மடியும். 1877ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞரான சுலோசிங்கும் முன்சும் கழிவுநீரை மணலூடாகச் செலுத்தினர்; அதன் அமோனியா நைத்திரேற்றாயிற்று. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. இத்தொழிலைச் செய்வன உயிர்களே என்பது இவ்வாறு புலனாயிற்று.

1890ஆம் ஆண்டில், சூரிச் நகரிற் பணியாற்றிய உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி, சேதனப் பொருள் சேராத ஊடகத்தில் இவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அது மாபெருஞ் சாதனையே. ஆயின் அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள், முதற்படிக்கு நைத்திரசோமோனாஸ், இரண்டாம் படிக்கு நைத்திரோபற்றர் என்ற இரு பெயர்களையே பாடநூல்கள் பெரிதும் ஓதி வந்தன. நாமும் அவ்வாறே கற்றோம், அவ்வாறே கற்பித்தோம். ஆய்வுகூடக் கிண்ணத்தில் எளிதில் வளர்ந்தவையே இயற்கையிலும் முதன்மையானவை என்ற எண்ணம் இதன் அடியில் மறைந்திருந்தது.

இவ்வெண்ணத்தை அசைத்தது பரம்பரையலகு ஆராய்ச்சியாகும். உயிரை வளர்க்காமலே, நீரிலிருந்து டி.என்.ஏ.யை நேரே பிரித்து, அமோனியாவை ஒட்சியேற்றும் நொதியத்துக்குரிய பரம்பரையலகைத் தேடுவது இம்முறை. 1990களில் நன்னீர் மீன்தொட்டிகளை இத்தகைய முறைகளால் ஆராய்ந்தபோது, இரண்டாம் படியின் தொழிலாளியாக வெளிப்பட்டது நைத்திரோபற்றரன்று. நைத்திரசுபைரா என்னும் இனமே. 2004ஆம் ஆண்டில் வெளியான சர்காசோக் கடலாய்வு, அத்தகைய பரம்பரையலகு பற்றீரியாவல்லாத ஆர்க்கியாவிடமும் உண்டெனக் காட்டிற்று.

எனினும், பரம்பரையலகு இருப்பது ஆற்றலுக்குச் சான்றாகலாம். தொழில் நடந்தமைக்குச் சான்றாகாது. 2005ஆம் ஆண்டில் கொன்னெக்கே, ஸ்டால் முதலியோர், சியாட்டில் நகரக் கடலுயிர்க் காட்சிச்சாலைத் தொட்டியொன்றிலிருந்து நைத்திரசோபியூமிலஸ் மரித்திமஸ் என்னும் ஆர்க்கியாவைப் பிரித்து வளர்த்தபோதே ஐயம் அகன்றது. கடலின் பல பகுதிகளில் அமோனியாவை ஒட்சியேற்றுவோருள் ஆர்க்கியாவே பெரும்பான்மையினர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2015ஆம் ஆண்டில் வியன்னாவிலும் நெதர்லாந்தின் நைமேகனிலும் இயங்கிய இரு குழுவினர், இரு படிகளையும் தனித்தே முடிக்கும் நைத்திரசுபைரா வகைகளை அறிவித்தனர். வேலைப் பிரிவினை இயற்கையின் மாறாச் சட்டம் என்ற பழங்கொள்கையும் அன்றே சரிந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வினோகிராட்ஸ்கி பிழைபட்டாரல்லர், அவர் கண்ட பகுதியை முழுமையென ஓதிய பிற்காலத்தாரே பிழைபட்டனர். புதிய கருவி மறைந்திருந்த பெரும்பான்மையைக் காட்டிற்று. பழைய வளர்ப்பு முறை அதனை மெய்ப்பித்தது. கோட்பாடும் செயலும் இவ்வாறு ஒன்றையொன்று திருத்தும்போதே அறிவு வளர்கின்றது. வகுப்பறையில் இரு பெயர்களை எழுதும் ஆசிரியர், எண்ணப்படாதோர் இன்னும் எத்தனை பேர் என்ற வினாவையும் அவற்றின் அருகே எழுதுவாராக.